கற்பிட்டிக்குக் காற்று வாங்கப் போகிறீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கைட்சர்ஃபிங் பற்றியவை. இடுப்பில் ஹார்னஸ் என்ற பட்டையைக் கட்டிக்கொண்டு, மேலே பறக்கும் பெரிய கைட் இழுத்த இழுப்புக்கு, பலகையில் நின்று கடலில் சறுக்கிப் போகும் விளையாட்டு. இலங்கையில் கற்பிட்டி, இந்தப் பக்கம் ராமேஸ்வரம் என்று போகிறவர்களும் போய் ஏமாந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நவம்பர் முதல் வாரம் கற்பிட்டியில் ஐந்து நாள், தங்கலும் பயிற்சியும் பாதி விலைக்குக் கிடைக்கிறது. போட்டுவிடலாமா? (ஓசூர் வாசகர்)

அந்த நேரத்தில் அங்கே மழைதான் கிடைக்கும், காற்று கிடைப்பது சந்தேகம். பாதி விலைக்குக் காரணம் அதுதான்.

கேள்வி: அப்படியென்றால் எந்த மாதம் போகலாம்? பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டா? (சென்னை வாசகி)

கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) பலமாக அடிக்கும். பிறகு டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை வாடைக் காற்று, கொஞ்சம் மெதுவாக. நடுவில் வரும் மாதங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ராமேஸ்வரத்தில் கோடையில் தெற்கிலிருந்தும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் காற்று வரும், தீவின் இரு பக்கமும் கரை இருப்பதால் பருவத்துக்குத் தக்கபடி இடம் மாறிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் தேவையில்லை, ரயிலில் போய்விடலாம்.

எங்கே போனாலும் பயிற்சிப் பள்ளியிடம் ஒன்றைக் கேளுங்கள்: "போன வருடம் இதே வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு நடந்தது?" ஒழுங்கான பள்ளி சொல்லிவிடும். "இங்கே எப்பவும் காத்துதான் சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

கேள்வி: நானும் தங்கையும் ஒரு ஏஜென்டிடம் 64,000 ரூபாய் கட்டி கற்பிட்டி போனோம். பள்ளியில் எங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை என்றார்கள். ஏஜென்ட் போன் அணைந்திருக்கிறது. விசாரிக்காமல் கட்டியது எங்கள் தப்புதானே என்கிறார் அப்பா. (திருநெல்வேலி வாசகி)

உங்கள் தப்பு இல்லை அம்மா. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு புக்கிங் போடாதவன்தான் தப்புச் செய்தவன்.

முதலில், இன்றைக்கே, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் பண மோசடி என்று பதிவு செய்யுங்கள், நாள் ஆக ஆகப் பணத்தை மறிப்பது கஷ்டம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வாங்காத சேவைக்குப் பணம் போய்விட்டது என்று வங்கிக்கு எழுத்தில் எழுதுங்கள். "இந்தப் பெயரில், இந்தத் தேதிக்கு புக்கிங் எதுவும் வரவில்லை" என்று அந்தப் பள்ளியிடம் ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். வழக்கில் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் நீங்கள் அனுப்பியதையும் சேர்த்து.

அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஏஜென்ட் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் நீங்கள் இந்த மாதமே போடுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் கற்பிட்டியில் கற்றுக்கொள்ளப் போகிறேன். அதற்காக 14 சதுர மீட்டர் கைட் ஒன்றைப் பழையதாக 45,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். என் எடை 58 கிலோ. சரியான விலையா? (கோவை வாசகர்)

ஒரு வகுப்புக்குக்கூடப் போகாமல் கைட் வாங்கியாகிவிட்டது, வாங்கிய பிறகு விலை சரியா என்று கேட்கிறீர்கள். ஆகஸ்டில் அங்கே 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) காற்று சாதாரணம். அதில் 58 கிலோ ஆளுக்கு 7, 8 சதுர மீட்டர் போதும். 14-ஐ ஏற்றினால் நீங்கள் கைட்டை ஓட்ட மாட்டீர்கள், அதுதான் உங்களை ஓட்டும். கற்கும் நாட்களில் எல்லாச் சாமானும் பள்ளியே தரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதுமே.

விற்றவர் திருப்பி எடுப்பாரா என்று பாருங்கள். இல்லையென்றால் நன்றாகக் காற்றடித்துச் சில மணி நேரம் வைத்து, கைட்டின் காற்றுக்குழாய் தளர்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். துணி வெயிலில் வெளிறி, கசக்கினால் மொடமொடப்பு இல்லாமல் துவண்டால் அதன் ஆயுள் முடிந்தது. நான்கு கயிற்றையும் ஒரே கம்பத்தில் மாட்டி இழுத்துப் பிடித்தால் நுனிகள் சமமாக வர வேண்டும். ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடும் குயிக் ரிலீஸ், இழுவை இருக்கும்போதே சட்டென்று விடுபட வேண்டும். அது சிக்கினால் யாருக்கும் விற்காதீர்கள்.

(ஹார்னஸ் மட்டும் ஆன்லைனில் வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தள்ளுபடியில் ஒரு சைஸ் பெரிதாக நான் வாங்கியது, கைட் இழுத்ததும் நேராக அக்குளுக்கு ஏறிவிட்டது. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.)

கேள்வி: "10 மணி நேரப் பயிற்சி, எல்லாம் உட்பட" என்கிறார்கள். வேறு என்ன கேட்க வேண்டும்? (பெங்களூரு வாசகர்)

இந்த "எல்லாம் உட்பட" என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எது எல்லாம்? மணி எப்போது ஓடத் தொடங்குகிறது, கரையில் கைட்டுக்குக் காற்றடித்து 20 மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளை விரித்துச் சிக்கெடுக்கும்போதா, தண்ணீரில் இறங்கிய பிறகா? ஒரு கைட்டுக்கு எத்தனை மாணவர்? இருவர் என்றால் உங்கள் 10 மணி நேரத்தில் 5 மணி நேரம் நீங்கள் கரையில் நின்று அடுத்தவர் விழுவதைப் பார்க்கிறீர்கள். அதுவும் பாடம்தான் என்பார்கள், சரி, அதற்கு அரை விலை போடட்டுமே. கைட் கிழிந்தால் செலவு யாருடையது? காற்று இல்லாத நாளுக்குப் பணம் திரும்புமா, இல்லை "அடுத்த முறை வரும்போது எடுத்துக்கோங்க" என்று ஒரு சீட்டா? அடுத்த முறை எப்போது வருவோம் என்று நமக்கே தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

வாடகை, வரி, படகு என்று பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுவது வேறு. முதலில் ஒரு விலை காட்டிவிட்டுக் கடைசியில் கூட்டும் இந்தத் தந்திரத்தை, 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளே முறையற்ற வணிகம் என்று பட்டியலிட்டிருக்கின்றன. இந்தியாவில் விற்கும் தளம் இதைச் செய்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-க்கு அனுப்புங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தனியாக ஓட்ட வர 9 முதல் 12 மணி நேரம் பிடிக்கும், அதனால் "மூன்று மணி நேரத்தில் கற்றுத் தருகிறோம்" என்பவர்களையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீட்புப் படகு இல்லாத பள்ளி 6,000 ரூபாய் குறைவு. நீச்சல் தெரியும். (புதுச்சேரி வாசகர்)

கரையிலிருந்து கடலுக்குக் காற்று திரும்பினால் நீச்சல் உதவாது. படகு உள்ள பள்ளிக்குப் போங்கள்.

கேள்வி: கற்பிட்டியில் கார்டு தேய்க்கும்போது இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா என்று மெஷின் கேட்கிறது. (மதுரை வாசகர்)

இலங்கை ரூபாய். இந்திய ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போனால் விமானச் செலவு மிச்சமாகுமே? (தஞ்சாவூர் வாசகர்)

கப்பல் இறக்கிவிடுவது காங்கேசன்துறையில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். அங்கிருந்து கற்பிட்டி சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணம் பார்க்கவும் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், மிச்சம் பிடிக்க என்றால் கொழும்பு விமானமே மேல். கப்பலோ விமானமோ, பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு என்ற வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். போனுக்கு நீர்புகா பை வாங்குவதானால் உள்ளே காகிதத்தை வைத்து ஒரு இரவு வாளியில் முக்கிப் பாருங்கள். என்னுடையது முதல் அலைக்கே போனைக் குளிப்பாட்டியது.