அட்டவணையில் இருக்கும் பாட்டு வகுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் தக்கலை அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஆலயப் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவான். பள்ளியின் கால அட்டவணையில் வாரம் ஒரு பாட்டு வகுப்பு இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எப்போதும் கணக்குதான் நடக்கிறது. இசை ஆசிரியர் இல்லையாம். இதைக் கேட்டுப் பெற முடியுமா? அல்லது வெளியே கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிடலாமா? இசைக்காக 9ஆம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றுவது நல்லதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே, தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், சட்டம் ‘கலை’ என்று மட்டும் சொல்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டாலே அந்த வரி நிறைவேறிவிடும். பாட்டுக்கு ஆள் வராது. பல பள்ளிகளின் நிலை இதுதான்.

தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய்க் குறை சொல்வதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்; சட்டமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: இசைப் பயிற்றுநர் வேண்டும் என்பது ஒன்று, அவர் வரும்வரை அந்த வகுப்பை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உடனே நடக்கக்கூடியது. (அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் நிறைய இருப்பதால் மற்ற வாசகர்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.)

ஆசிரியர் இல்லாமல் அந்த நாற்பது நிமிடத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். குமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி ஓர் அடி எடுத்துக் கொடுக்கிறார், பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுப் பாடுகிறார்கள். வில்லில் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் ஒரே தாளத்துக்குள் நிற்கின்றன. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. பாடத் தயங்கும் பிள்ளைக்குக்கூட அதில் ஓர் இடம் உண்டு. கோயில் கொடை விழாக் கதைகள்தான் பாட வேண்டும் என்றில்லை. ஊர்க் குளத்தின் கதையைப் பிள்ளைகளே எழுதிப் பாடலாம். நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணன் சமூகக் கருத்துகளை இந்த வடிவத்தில்தான் மேடையேற்றினார். பக்கத்து ஊர்க் கலைஞர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்தாலே போதும். மற்ற வாரங்களைத் தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் மகனைப் போன்ற பாடகர் குழுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆலயங்களில் பலர் ஸ்வரங்களை ‘டோ, ரே, மீ’ என்று எழுத்தால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா பார்த்துப் பாடிப் பழகியவர்கள். அதில் ‘டோ’ ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. பாட்டின் சுருதிக்கேற்ப நகரும். நம் ‘ச’வும் அப்படியே. ஆகவே அவனுக்கு ஸரிகமபதநி புதிய பாடமே அல்ல. ஆனால் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை வழக்கம்போல மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கினால் ‘ரி’யும் ‘த’வும் அவன் பழகிய இடத்தைவிடத் தாழ்ந்து ஒலிக்கும், தவறாகப் பாடுகிறோமோ என்று திகைப்பான். அவன் பாடிவரும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் சங்கராபரண ராகமும் ஒரே ஸ்வரங்கள். முதல் சில வாரம் சங்கராபரணத்தில் பாடவைத்துவிட்டுப் பிறகு மாயாமாளவகௌளைக்கு வரட்டும்.

வெளியே கீபோர்டு வகுப்பில் சேருங்கள், நல்லதுதான். ஆனால் அது உங்கள் மகனுக்கு மட்டும் கிடைப்பது. கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி வகுப்பு ஒன்றே வழி. அதனால்தான் பள்ளியில் கேளுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இசை கற்றால் கணக்கு நன்றாக வரும் என்று கூட்டத்தில் வாதாட வேண்டாம். பலரும் மேற்கோள் காட்டும் 1993ஆம் ஆண்டின் மொசார்ட் ஆய்வு, கல்லூரி மாணவர்கள் இசையைக் கேட்டதைப் பற்றியது. அதில் தெரிந்த பலனும் கால்மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. கணக்கில் மதிப்பெண் ஏறவில்லை என்றதும் அதே வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜமும் (ச), மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமமும் (ப) ஒலிக்கும் என்று பின்னத்தை இசையால் விளக்கலாம், அது வேறு. இசையை இசைக்காகவே கேளுங்கள்.

பள்ளி மாற்றம் பற்றி: மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்ணில் இசைக்கு இடமில்லை. சி.பி.எஸ்.இ. பட்டியலில் கர்நாடக இசை விருப்பப் பாடமாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பதும் பள்ளியில் நடத்துவதும் ஒன்றல்ல. சேர்க்குமுன், “ஒன்பதாம் வகுப்பில் இப்போது எத்தனை பேர் இசையைத் தேர்வுப் பாடமாகப் படிக்கிறார்கள்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மாற்ற வேண்டாம். சான்றிதழ்தான் தேவை என்றால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசைக்கு லோயர், ஹையர் என இரு நிலைகள் உண்டு. இருக்கும் பள்ளியில் படித்துக்கொண்டே அவற்றுக்குத் தயாராகலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஏழாம் வகுப்பு என்றால் குரல் உடையும் வயது நெருங்குகிறது. அப்போது பாட்டை நிறுத்த வேண்டாம். சுருதியைக் குறைத்து, எட்டும் ஸ்வரங்களுக்குள் மெதுவாகப் பாடட்டும். உச்சஸ்தாயிக்கு யாரும் வற்புறுத்தக் கூடாது என்று பாடகர் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடும்போது வலித்தாலோ, கரகரப்பு மூன்று வாரத்துக்குமேல் நீடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.