மார்க்ஸைப் படித்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வளர்க்க முடியுமா, இல்லை அது மேடைப் பேச்சுக்கு மட்டும்தானா?

கேட்டவிதத்தைப் பார்த்தால் 'மூலதனம்' முதல் பாகத்தோடு நிறுத்தியிருப்பீர்கள் போலிருக்கிறது. தப்பில்லை, மேடையில் முழங்குகிறவர்களில் பலரும் அங்கேயேதான் நிற்கிறார்கள். வளர்ச்சிக் கணக்கு இருப்பது இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதியில். மார்க்ஸ் இறந்தபின் 1885இல் எங்கெல்ஸ் வெளியிட்டது.

பொருளாதாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் துறை இயந்திரமும் மூலப்பொருளும் செய்கிறது, இரண்டாம் துறை நுகர்பொருள். மார்க்ஸ் போட்ட எண்கள் இவை. வரிசை மாறா மூலதனம் (செலவான இயந்திரம், பொருள்), கூலி, உபரி (இவை போக முதலாளிக்கு மிஞ்சுவது):

முதல் துறை: 4000 + 1000 + 1000 = 6000
இரண்டாம் துறை: 1500 + 750 + 750 = 3000

முதல் துறை தன் உபரியில் பாதியை, அதாவது 500ஐ, திரும்பத் தொழிலில் போடுகிறது. 400 இயந்திரத்துக்கு, 100 புது ஆட்களின் கூலிக்கு. இந்த 100ஐ விட்டுவிடாதீர்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் இரும்பைத் தின்ன மாட்டார். அவருக்கு வேண்டிய அரிசியும் துணியும் இரண்டாம் துறையிலிருந்து வர வேண்டும். அது 100க்குச் சரக்கை விற்று, அந்தக் காசில் இயந்திரம் வாங்குகிறது. மாறா மூலதனம் 1600 ஆகிறது. கூடுதல் இயந்திரத்தை ஓட்ட இன்னும் 50 கூலி. ஆக அதன் உபரி 750இல் 150 போய், முதலாளிகள் அனுபவிக்க 600 மிஞ்சுகிறது. உபரி கூலிக்குச் சமம் என்றே வைத்தால், அடுத்த ஆண்டு உற்பத்தி 6600, 3200. மொத்தம் 9000 என்பது 9800 ஆகிறது.

இரண்டாம் துறை அந்த 100க்குச் சரக்கு தரவில்லை என்றால்? கூலிப் பணம் கடைக்கு வந்துவிடும், சரக்கு வராது, விலை ஏறும். புது ஆளுக்கு வேலை கொடுத்த செலவைப் பழைய ஆள் தன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கட்டுவார்.

இந்தப் பிரிவினையைத் திட்டமிடலுக்குத் திருப்பியவர் சோவியத் பொருளியலாளர் ஃபெல்ட்மன், 1928இல். இந்தியாவில் மகலனோபிஸ் 1953இல் கிட்டத்தட்ட அதே மாதிரியைப் போட்டார். 'அவர் மார்க்சியரே இல்லையே' என்று யாராவது பாய்வதற்கு முன்: ஆமாம், புள்ளியியலாளர். ஃபெல்ட்மன் கட்டுரையைப் பொருளியலாளர் டோமர் ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததே 1957இல்தான். யாரைப் பார்த்து யார் எழுதினார் என்பதல்ல, கணக்கு ஒன்றுதான் என்பதே நான் சொல்வது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956–61) அவர் விரித்த நான்கு துறை மாதிரியில் மொத்த முதலீடு 5600 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு, 1850 கோடி, முதலீட்டுப் பொருள் துறைக்கு. அங்கே ஒரு ரூபாய் போட்டால் ஆண்டு வருமானம் 20 காசு கூடும் என்பது அனுமானம். விவசாயமும் குடிசைத் தொழிலும் சேர்ந்த துறைக்கு 1180 கோடி. அங்கே ஒரு ரூபாய்க்கு 1.25 ரூபாய். எதிர்பார்த்த வருமான உயர்வு 2900 கோடியில் பாதியை, 1470 கோடியை, இந்த ஒரு துறையின் தலையில் ஏற்றியிருந்தார்கள். அரிசி அந்த 1.25க்குள் இருந்தது. பெரிய முதலீடு இல்லாமலே விளைச்சல் பெருகும் என்று நம்பி வைத்த எண் அது.

இந்த ஓட்டையை 1956லேயே காட்டிய பொருளியலாளர்கள் சி.என். வக்கீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் மார்க்சியர்கள் அல்ல. ஆனால் 'கூலிப் பண்டம்' (கூலியில் வாங்கும் அரிசி, துணி போன்றவை) என்று அவர்கள் கத்தியது மார்க்ஸின் அந்த 100ஐத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமைக்குக் கையெழுத்தானது. இன்னொரு ஓட்டை, மாதிரியில் வெளிநாட்டு வணிகமே கிடையாது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆலைகளுக்கான இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து அல்லவா வர வேண்டும்? 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. 1965–66 வறட்சிக்குப் பின், 1966 ஜூன் 6 அன்று, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது.

நம் போட்டித் தேர்வு கையேடுகளோ 'இரண்டாம் திட்டம் – மகலனோபிஸ் – கனரகத் தொழில்' என்று ஒரு மதிப்பெண்ணுக்கு முடித்துவிடுகின்றன. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், ஒருவருக்காவது அரிசி எங்கே போனது என்று கேட்கத் தோன்றாத மாதிரி.

'பொருளின் மதிப்பை உழைப்பால் அளக்கும் மார்க்ஸின் கோட்பாடே தப்பு, திட்டக் குழுவே போய் நிதி ஆயோக் வந்தாச்சு' என்பவர்களுக்கு: கணக்கை மதிப்பில் போடாமல் விலையிலேயே போடுங்கள், கூடுகிற கூலிக்கு ஈடாகச் சரக்கு இருக்க வேண்டும் என்ற சமநிலை நிபந்தனை மாறாது. முதலீடு செய்வது அரசா, தனியாரா என்பதாலும் மாறாது.

நீங்களே போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் வழங்கல்–பயன்பாட்டு அட்டவணையை (எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டுவது) எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் சறுக்கும் இடம், தொழிலை வைத்துத் துறை பிரிப்பது. பயன்பாட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் சர்க்கரை இரண்டாம் துறை, பிஸ்கட் ஆலைக்குப் போவது முதல் துறை. மின்சாரத்தையும் டீசலையும் இப்படியே உடைக்க வேண்டும். இறக்குமதிக்குத் தனி நிரல் போடுங்கள், மகலனோபிஸ் போடாமல் விட்டது அதுதான்.