மேலூரில் மழை, திருமங்கலத்தில் வெயில் ஏன்?

கேள்வி: 'மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்றார்கள். மேலூரில் கொட்டித் தீர்த்தது. எங்களுக்கு ஒரு சொட்டுகூட இல்லை. கடலை விதைக்கக் காத்திருக்கிறேன், எதை நம்புவது?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அறிவிப்பு பொய்க்கவில்லை, ஐயா. வானிலை மையத்தின் கணக்கில் 'ஓரிரு இடங்கள்' என்றால், மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதத்துக்குள்தான். 'ஒரு சில இடங்கள்' என்றால் 26 முதல் 50 வரை. மாவட்டம் முழுக்க நனையும் என்று யாரும் சொல்லவில்லை.

ஊர் பெயரையே சொல்லலாமே என்று கேட்பீர்கள். தினமும் காலையும் மாலையும் 5.30 மணிக்குரிய அளவீட்டுக்காகப் பலூன்களைப் பறக்கவிடுகிறார்கள். காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் கணினி வாங்கி, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் 12 கி.மீ. என்று வையுங்கள். கோடை இடிமேகத்தின் அகலமே பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ.தான்! மதியத்துக்கு மேல் திரண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிக் கலைந்துவிடும். கட்டத்தின் சல்லடையில் அது சிக்காது. காரைக்கால் ரேடாரும் நமக்கு 200 கி.மீ.க்கு அப்பால், பூமி வளைந்திருப்பதால் அதன் கதிர் நம் தலைக்கு மேல் சில கி.மீ. உயரத்தில் போய்விடுகிறது, தாழ்ந்த மேகம் தப்பிவிடும்.

'ஓரிரு இடங்கள்' என்ற சொல்லை நம்பி விதைப் பருப்பை உடைத்து வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள். அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். மேலே மட்டும் ஈரம், கீழே புழுதி என்றால் பொறுத்திருங்கள்; முளைத்த பயிர் காய்ந்துவிடும்.