அரியர் வைத்த டாக்டருக்கு எம்.டி. கிடைக்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாய இன்டர்ன்ஷிப்) செய்துகொண்டிருக்கும் பெண். இரண்டாம் வருடத்தில் பேத்தாலஜி (நோய்க்குறியியல்), பார்மா (மருந்தியல்) இரண்டிலும் அரியர். ஃபைனல் இயரில் மெடிசின் (பொது மருத்துவம்) ஒரு முறை போய்விட்டது. மொத்தம் 54 சதவீதம். “மெடிசின் எடுத்து, அப்புறம் கார்டியாலஜி ஃபெல்லோஷிப் பண்ண ஆசை. உனக்கெல்லாம் நோயாளியைப் பார்க்காத நான்-கிளினிக்கல் பாடம்தான் என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் அமெரிக்கா போ என்கிறார்கள். என் மார்க் ஷீட்டைப் பார்த்தால் யாராவது எடுப்பார்களா?” என்று எழுதியிருக்கிறார்.

முதலில் மார்க் ஷீட் விஷயத்தை முடித்துவிடுவோம். இந்தியாவில் எம்.டி., எம்.எஸ்., அவற்றுக்கு இணையான டி.என்.பி. என்று முதுநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் உங்கள் ரேங்க்கைத் தீர்மானிப்பது நீட் பி.ஜி. நுழைவுத்தேர்வு மதிப்பெண். எய்ம்ஸ், ஜிப்மர், நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வு. கவுன்சிலிங்கில் உங்களை எதிரே உட்காரவைத்து “பார்மாவில் ஏன் போனது?” என்று கேட்க ஆளே கிடையாது, இன்டர்வியூ என்று ஒன்றே இல்லை. எம்.டி. முடித்து டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்புக்குப் போகும்போதும் அப்படித்தான், அதற்கான நீட் எஸ்.எஸ். தேர்வின் ரேங்க்தான் பேசும். நானும் மைக்ரோபயாலஜியில் 2 மார்க்கில் போனவன். இத்தனை வருடத்தில் அந்த மார்க்கைப் பற்றி என்னிடம் விசாரித்தது ஒரே ஒருவர், பெண் பார்க்கப் போன வீட்டில் என் வருங்கால மாமனார். அவரும் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அப்படியென்றால் அரியரால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

ஒன்று, தேதி. ஃபைனல் இயர் ஒரு முறை தள்ளிப்போனதால் உங்கள் சி.ஆர்.ஆர்.ஐ. மற்றவர்களைவிடத் தாமதமாக ஆரம்பித்திருக்கும், தாமதமாகத்தான் முடியும். நீட் பி.ஜி. எழுத, குறிப்பிட்ட தேதிக்குள் இன்டர்ன்ஷிப் முடிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு கெடு வைப்பார்கள். 2025-ல் அது ஜூலை 31. ஒரு வாரம் பிந்தினால்கூட ஒரு வருடம் போச்சு. இதில் லீவு எடுத்து எக்ஸ்டென்ஷன் வாங்கினால் அதுவும் சேரும். அதனால் இன்றைக்கே உங்கள் கம்ப்ளீஷன் தேதியை ஆபீஸில் எழுத்தில் கேட்டு வையுங்கள், உத்தேசமாகத் தெரியும் என்று இருக்காதீர்கள். கெடுவுக்குள் வராது என்று தெரிந்துவிட்டால் அதுவும் நல்லதுதான், அந்த வருடத் தேர்வை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் அடுத்ததற்குத் திட்டம் போடலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம், நீங்கள் போன பாடங்கள் எவை என்பது. மெடிசின் என்ற பெயரில் வரும் கேள்வியில் பாதி பேத்தாலஜி, பார்மாவின் தோளில்தான் நிற்கும். ஒரு உதாரணம்: நீண்ட நாள் சர்க்கரை நோயாளி, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, பொட்டாசியம் 6.8, ஈ.சி.ஜி.யில் டி அலை கூம்பு மாதிரி நிற்கிறது, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நாலு மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் என்ன ஊசி, எந்த மாத்திரையை நிறுத்துவீர்கள்? கால்சியம் குளுக்கோனேட் என்று வார்டில் பார்த்தே சொல்லிவிடலாம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைத்தான் காப்பாற்றும் என்பதும், பட்டியலில் இருக்கும் ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும்தான் பொட்டாசியத்தை ஏற்றியிருக்கின்றன என்பதும் பார்மாவில் படித்தவருக்குத்தான் சட்டென்று வரும். சப்ளிமெண்டரியில் பாஸ் பண்ணுவதற்காகப் பத்து நாளில் மனப்பாடம் செய்தது இந்த இடத்தில் உதவாது. உங்கள் அரியரை ஒரு களங்கமாகப் பார்க்காதீர்கள், ஓட்டை எங்கே என்று காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டாகப் பாருங்கள். நீட் பி.ஜி.க்கு 19 பாடம் என்று எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், நீங்கள் அந்த இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. தியரி பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதத் தெரியாதவர் கொள்குறி வினாவில் நன்றாகப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், கோல்டு மெடல் வாங்கியவர் மூன்று முறை எழுதியதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, படித்து முடித்த பிறகு என்று தள்ளாமல் இந்த வாரமே ஒரு கிராண்ட் டெஸ்ட் (முழு மாதிரித் தேர்வு) எழுதுவதுதான். நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, 800 மார்க், சரிக்கு 4, தப்புக்கு கழித்தல் 1. 2024-லிருந்து 40 கேள்விகளாக ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், நேரம் முடிந்தால் அந்தப் பகுதி பூட்டிவிடும், திரும்பிப் போக முடியாது. எழுதி முடித்ததும் ஸ்கோரைப் பார்த்து அழாதீர்கள், தப்பானதை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியவே தெரியாதது, இரண்டு விடைக்கு நடுவில் மாட்டியது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது. மூன்றாவது ரகம் அதிகம் இருந்தால் உங்களுக்குப் புத்தகம் தேவையில்லை, பயிற்சிதான் தேவை. அப்புறம், அரியர் வைத்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, சந்தேகம் வந்தால் கேள்வியை விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே சராசரியாகக் கால் மார்க் லாபம், இரண்டைக் கழித்துவிட்டால் ஒன்றரை மார்க் லாபம். நீட் பி.ஜி.யில் காலியாக விடுவதற்குக் காரணமே இல்லை. ஐ.என்.ஐ.-செட் வேறு, அங்கே தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கண்மூடி அடித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

சரி, சீட் கிடைக்குமா? ஏதோ ஒரு சீட் என்றால், கிடைக்கும். 2 லட்சத்துக்கும் மேல் எழுதுகிறார்கள், ஆனாலும் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மாதிரி இடங்கள் வருடாவருடம் காலியாகக் கிடக்கின்றன. 2023-ல் கட்-ஆஃப் பெர்சென்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கியது அதற்காகத்தான். மெடிசின் வேண்டும் என்றால் கதை வேறு, நல்ல ரேங்க் வேண்டும். எவ்வளவு என்று யாரையும் கேட்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். அகில இந்தியக் கவுன்சிலிங் நடத்தும் எம்.சி.சி.யும் தமிழ்நாட்டுக்கான கீழ்ப்பாக்கம் செலக்‌ஷன் கமிட்டியும் வெளியிடும் போன வருட அலாட்மென்ட் பட்டியலை இறக்கி, உங்கள் பிரிவில் மெடிசின் கடைசியாக எந்த ரேங்க்கில் நின்றது என்று நீங்களே பாருங்கள், கடைசி ரவுண்டு வரைக்கும். டி.என்.பி. பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். நான் இரண்டாவது முயற்சியில் டி.என்.பி. மெடிசின்தான் எடுத்தேன், ஒரு நடுத்தர ஊர் ஆஸ்பத்திரியில். படிக்க ஆள் குறைவு, கேஸ் அதிகம், கை நன்றாகத் தேறியது. படிப்பு முடிவில் வரும் எக்ஸிட் தேர்வு மட்டும் சுளுக்கெடுத்துவிடும், அதைத் தெரிந்து போங்கள்.

நீங்கள் ஓ.பி.சி. பிரிவு என்றால் இன்னொன்று, அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று, அந்த வருடம் கேட்கும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் டாக்டர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

மெடிசின் கைக்கு எட்டவில்லை என்றால் என்ன செய்வது என்பதில்தான் உங்கள் நண்பர்கள் சொன்னது தப்பு. மெடிசினுக்கும் அனாட்டமிக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. எமர்ஜென்சி மெடிசின் எடுத்தால் டி.எம். கிரிட்டிகல் கேர் போகலாம். பேத்தாலஜி எடுத்தால் டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி எழுதலாம், ரத்தப் புற்றுநோய் பார்க்கும் டாக்டர் ஆகலாம், அரியர் வைத்த பாடமே வாசலாக இருப்பது ஒரு வேடிக்கை. ஃபேமிலி மெடிசினில் டி.என்.பி. இருக்கிறது. இல்லை, பொறுமை இருக்கிறது என்றால் எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேருங்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டில் பாதி இடம் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு, போட்டி வட்டம் சுருங்கும், சம்பளமும் வரும். சேவைக் காலம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை அந்த வருட பிராஸ்பெக்டஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டியாலஜி ஃபெல்லோஷிப் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற முதுநிலைப் பயிற்சிக்குப் பிறகு கார்டியாலஜிஸ்ட் ஆக்குவதே ஃபெல்லோஷிப். இங்கே அந்த இடத்தில் இருப்பது மூன்று வருட டி.எம். அல்லது அதற்கு இணையான டி.ஆர்.என்.பி. இங்கே ஃபெல்லோஷிப் என்ற பெயரில் தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி.யும் இருக்கிறது, எம்.டி.க்குப் பிறகு எழுதுவது, அது சரியானது. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஒரு வருடத்தில், வாரக்கடைசியில், ஆன்லைனில் என்று வருகிற பல ஃபெல்லோஷிப்கள் மெடிக்கல் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியவே முடியாதவை. எக்கோ பார்க்கக் கற்றுக்கொள்ளலாம், டூட்டி டாக்டராக மதிப்புக் கூடலாம், போர்டில் இதய நிபுணர் என்று போட முடியாது. பணம் கட்டுவதற்கு முன், இதைப் பதிவு செய்ய முடியுமா என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் சுற்றி வளைத்து வந்தால் அதுவே பதில்.

அமெரிக்கா. உங்கள் அரியர் உண்மையிலேயே தெரியப்போவது அங்கேதான், டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும், விண்ணப்பத்தை மனிதர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், இன்டர்வியூ உண்டு. ஆனாலும் கல்லூரி அரியரைவிட யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க உரிமத் தேர்வில் ஒரு முறை ஃபெயில் ஆவதுதான் அங்கே பெரிய அடி. அதன் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து பாஸ்-ஃபெயில் ஆகிவிட்டதால் பாரம் முழுவதும் ஸ்டெப் 2 சி.கே. ஸ்கோரில். 2025 மேட்ச்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் சுமார் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ் பக்கம். தேர்வுக் கட்டணம், அங்கே போய் செய்யும் ரொட்டேஷன், இன்டர்வியூ என்று பல லட்சம் போகும். அங்கே யாரோ சொந்தக்காரர் இருக்கிறார் என்பதற்காகப் போகிற பாதை இல்லை. அங்கே இன்டர்னல் மெடிசின் போதும், கார்டியாலஜி வந்தால் வரட்டும் என்று மனசு ஒப்பினால் யோசியுங்கள். ஒரே நேரத்தில் நீட் பி.ஜி.யும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் படிக்கிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், இரண்டிலும் கால் வைத்து இரண்டு வருடம் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, வேலைக்குப் போனால் மார்க் கேட்பார்களா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். டூட்டி டாக்டர் வேலைக்குக் கேட்பது கவுன்சில் பதிவு எண்ணும், நைட் டூட்டி எத்தனை பார்ப்பீர்கள் என்பதும்தான். நைட் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள், படிக்க வேண்டியிருக்கிறது.