காணொளி முழுதும் இறங்கிய பிறகே ஓடத் தொடங்குவது ஏன்?

வணக்கம். உங்கள் எம்பி4 காணொளி உலாவியில் முழுதும் இறங்கிய பிறகே ஓடுகிறது என்றும், இடையில் நகர்த்தினால் தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் காணொளியைச் சேர்க்கும் வீடியோ டேகில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் இணைத்த சர்வர் பதிவில் (லாக்), கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டு உலாவி அனுப்பும் ரேஞ்ச் கோரிக்கைக்கு உங்கள் சர்வர் 206 (பகுதி மட்டும்) என்று பதிலளிக்காமல், 200 (சரி) என்று சொல்லி முழுக் கோப்பையும் அனுப்புகிறது. கேட்ட பகுதி மட்டும் கிடைக்காதபோது உலாவியால் இடையில் நகர இயலாது. கோப்பை அனுப்பும் நிரலை நீங்களே எழுதியிருப்பதால், கோரிக்கையின் ரேஞ்ச் தலைப்பை (ஹெடர்) படித்து, அனுப்புவது எந்தப் பகுதி என்று சொல்லும் கண்டென்ட்-ரேஞ்ச் தலைப்புடன் அந்தப் பைட்டுகளை மட்டும் தருமாறு முதலில் அதைத் திருத்துங்கள்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 கோப்பின் 'மூவ்' பெட்டி தாங்கியிருக்கிறது. குறியாக்கம் முடிந்த பிறகே அது முழுமை பெறும் என்பதால் பல கருவிகள் அதைக் கடைசியில் எழுதுகின்றன, அது வந்து சேரும்வரை உலாவியால் ஒரு சட்டகத்தைக்கூடக் காட்ட முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் கருவியில் மூவ்ஃபிளாக்ஸ் விருப்பத்துக்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற மதிப்பைத் தந்து, கோடெக்கை (குறியாக்க முறையை) 'காப்பி' என வைத்தால், மறுகுறியாக்கமோ தர இழப்போ இன்றி அந்தப் பெட்டி முன்னுக்கு வந்துவிடும்.