ஓஎஸ்பி போர்டில் மறுபக்கம் சால்டர் பிடிக்காதது பற்றி
வணக்கம். ஓசூர் யூனிட்டில் ஓஎஸ்பி போர்டுக்கு (செம்பைக் காக்க மெல்லிய கரிமப் படலம் பூசிய சர்க்யூட் போர்டு) முதல் பக்கம் ரீஃப்ளோ (சூட்டில் சால்டரை உருக்கிப் பாகங்களைப் பிடிக்க வைப்பது) முடித்து, நாலு நாள் கழித்து மறுபக்கம் ஓட்டியதில் சால்டர் பரவாமல் உருண்டு நிற்கிறது என்கிறீர்கள். சால்டர் பேஸ்ட் மேல் பழி போடாதீர்கள். ஓஎஸ்பி படலம் சுமார் அரை மைக்ரான்தான். முதல் சூட்டிலேயே நலிந்துவிடும், அப்புறம் காற்றுபட்டால் அடியில் செம்பு கறுக்கும். இரண்டு பக்கத்தையும் 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். பேஸ்ட் பிரிண்ட் தப்பினால் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கவே கூடாது, படலம் கரைந்து போகும். ஈரம் போக்க ஓவனில் வைத்து பேக் செய்வதும் அதே கெடுதல்தான்.

0.5 மிமீ பிட்ச் (இணைப்புகளுக்கு இடையேயான தூரம்) கியூஎஃப்என் (கால்கள் வெளியே நீளாத சிப்) இருப்பதால் ஹாசல் (உருகிய சால்டர் பூசிச் சூடான காற்றால் சமன்செய்வது) வேண்டாம், பேடு (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) சமதளமாக இருக்காது. அடுத்த லாட்டுக்கு எனிக் (நிக்கல் மேல் மெல்லிய தங்கப் பூச்சு) கேளுங்கள்: நிக்கல் 3 முதல் 6 மைக்ரான், தங்கம் 0.05 மைக்ரானுக்குக் குறையாமல். விலை கூடும்தான், ரீவொர்க் கூலியோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும்.