மோட்டார் வந்து கெட்டதா ஊர்?

கேள்வி: அந்தக் காலத்தில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டிய கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கிடந்தது. இன்று 800 அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்கிறது. இலவச கரண்ட் கொடுத்துத்தானே கிராமத்தைக் கெடுத்தார்கள்?
– ஒரு வாசகர், போளூர்

பதில்: கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கிடந்திருந்தால் கவலை எதற்கு? ஆள் மிதித்து இறைக்கும் ஏற்றமே போதுமே! ஆழக் கிணற்றுக்குத்தான் இரண்டு மாட்டைப் பூட்டினார்கள். சரிவில் இறங்கி ஒரு சால் தண்ணீர் இறைத்ததும், மாடு பின்நடையாக மேலே ஏறவேண்டும். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதேதான். அந்தக் கால அருமையைக் கிணற்றுச் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். மாட்டை ஓட்டி வால்கயிற்றைப் பிடித்தவரிடம் கேளுங்கள்.

இலவச மின்சாரம் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் வந்தது. கிணற்றில் மோட்டார் இறங்கியதோ அதற்கு வெகுமுன்பு, காசு கட்டி கரண்ட் வாங்கிய நாளிலேயே. அந்த மோட்டாருக்கு ஓர் எல்லை இருந்தது. சுமார் 25 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் அதால் உறிஞ்ச முடியாது. எனவே கிணற்றுக்குள் திட்டு வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அது முழுகிவிடும்; மோட்டார் காயில் கட்டும் கடைக்குத் தூக்கவேண்டும். குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு ஒழுகினாலோ சாணித் தண்ணீர் கரைத்து ஊற்றியபிறகே தண்ணீர் எடுக்கும். தொல்லைதான், ஆனால் அதுவே கடிவாளமாகவும் இருந்தது. நீர்மூழ்கி மோட்டார் அதை அறுத்துவிட்டது. அது உறிஞ்சுவதில்லை, அடியில் கிடந்து மேலே தள்ளுகிறது. போர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவும் தன் எல்லை என்கிறது. இதற்கு மேல்தான் இலவசமும், நடுராத்திரி கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரும். இலவசத்துக்குப் பங்கு உண்டு, முழுப் பழி இல்லை.

கிணற்றுக்கு ஊற்றுக் கொடுத்த ஏரியைக் கைவிட்டதில் ஊராரின் பங்கு என்ன? சொந்தக் கிணறு வாய்த்தவர் ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார். ஏரி நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதும் நின்றது. மடையைத் திறக்க ஆளில்லை, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் தூர்ந்தது. ஏரி நிரம்பினால்தான் ஏரி பாயும் ஆயக்கட்டில் உள்ள தன் கிணறும் ஊறும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

இப்போது தூர்வாரும் பணம் வந்தால் ஏரி நடுவே பள்ளம் பறித்து மண்ணை லாரியில் ஏற்றுகிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயாது. முதலில் வரத்துக்கால்வாய், பிறகு மடையும் உபரிநீர் வழியும் கலிங்கும், உள்ளே மண் எடுப்பது கடைசியில். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்கவேண்டும்.

கால்வாய் எந்தெந்த சர்வே எண்ணில் ஓடுகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் கேட்டுப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே ஒருநாள் நடந்து போங்கள். குறுக்கே வேலி போட்டிருப்பவர் மின்வாரியத்துக்காரராக இருக்கமாட்டார்.